வரோஷாவின் வரைபடம் யார் கையில்?

சைப்ரஸ் தீவின் கிழக்குக் கரையில் உள்ள வரோஷாவை 1974 ஆகஸ்ட்டில் முள்வேலி அடைத்தது. துருக்கிப் படை நெருங்கியபோது கிரேக்க சைப்ரஸ் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடின. கடலோர ஓட்டல்களும் வீடுகளும் அப்படியே பாழடைந்தன. ஊர்க்காரர்களைத் தவிர வேறு எவரையும் அங்கே குடியேற்றக் கூடாது, பகுதியை ஐ.நா. நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று பாதுகாப்பு அவையின் 550ஆம் தீர்மானம் 1984இல் சொன்னது. 2020 அக்டோபரில், துருக்கியின் ஆதரவோடு தீவின் வடக்கே உள்ள துருக்கிய சைப்ரஸ் நிர்வாகம் கடற்கரையையும் சில தெருக்களையும் தன்னிச்சையாகத் திறந்துவிட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் இடிந்த வீடுகளின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டின் சொந்தக்காரர் வந்தாலும் தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும்.

இது அநீதி. கூட்டாட்சித் தீர்வை ஆதரிக்கும் துஃபான் எர்ஹுர்மன் 2025 அக்டோபரில் துருக்கிய சைப்ரஸ் மக்களின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் நிலையில், இறுதி உடன்பாடு வரட்டும் என்று கைகட்டி இருக்கக் கூடாது. விரட்டப்பட்டவர்களும், பக்கத்துப் பழைய ஃபமகுஸ்டாவில் வாழும் துருக்கிய சைப்ரஸ்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து அந்த நகரத்துக்குத் திட்டம் போடும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் தலைநகர் நிக்கோசியாவைப் பார்க்கலாம். இரு சமூகங்களுக்கிடையே 1963 டிசம்பரில் நடந்த கலவரத்தின்போது ஒரு பிரிட்டிஷ் தளபதி வரைபடத்தில் இழுத்த பச்சைக் கோடு, 1974க்குப் பிறகு தாண்ட முடியாத எல்லையாயிற்று. பிரிவினைக்கு முன்பே தொடங்கியிருந்த பாதாளச் சாக்கடைத் திட்டம் பாதியில் அறுந்தது. குழாய்களில் பெரும்பகுதி தெற்கே. சுத்திகரிப்பு நிலையம் வடக்கே மியா மிலியாவில். அப்போது கிரேக்க சைப்ரஸ் தெற்கின் மேயராக இருந்த லெல்லோஸ் டெமெட்ரியாடிஸ் வழக்கறிஞர், துருக்கிய சைப்ரஸ் வடக்கின் மேயராக இருந்த முஸ்தஃபா அக்கின்ஜி கட்டடக் கலை படித்தவர். சேர்ந்து கையெழுத்திட்டால் எதிர்த் தரப்பை அங்கீகரித்ததாகிவிடும் என்ற பெரிய தடை குறுக்கே நின்றது. மேயர் என்று போடாமல், நகரத்தின் அந்தந்தச் சமூகப் பிரதிநிதிகள் என்ற பெயரில் இருவரும் உடன்பட்டார்கள். 1980இல் கழிவுநீர் ஓடியது.

அதற்குள்ளாகவே, 1979இல், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு இருதரப்பு வல்லுநர்களும் நிக்கோசியா மாஸ்டர் பிளானைத் தொடங்கிவிட்டார்கள். நகரம் பிரிந்தே இருந்தால் என்ன செய்வது, ஒன்றுசேர்ந்தால் என்ன செய்வது என்று இரண்டு நிலைமைகளுக்கும் சேர்த்துத் திட்டமிட்டதுதான் அதன் மேதைமை. தெற்கே கிரிசாலினியோட்டிஸ்ஸா, வடக்கே அரபாஹ்மெட் என்று கோட்டின் இருபுறத்துப் பழைய குடியிருப்புகளும் சீரமைக்கப்பட்டன. நகரின் முக்கியக் கடைத்தெரு இருபக்கமும் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. 2008 ஏப்ரல் 3 அன்று லெட்ரா தெருத் தடுப்பு அகன்றபோது, வடக்கும் தெற்கும் ஒரே தெருவாக இணைய அந்த வேலை உதவியது.

சாக்கடை சேர்ந்ததால் சமாதானம் வந்துவிட்டதா என்று கேட்கலாம். வரவில்லை. அக்கின்ஜியே துருக்கிய சைப்ரஸ் தலைவராக உட்கார்ந்த 2017 பேச்சுவார்த்தையும் முறிந்தது. அதற்கு முன், 2004 பொது வாக்கெடுப்பில் ஐ.நா. தீர்வுத் திட்டத்தை கிரேக்க சைப்ரஸ் வாக்காளர்களில் சுமார் 76 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். தோல்விக்குத் துருக்கிப் படை, வெளிநாடுகளின் உத்தரவாத உரிமை, சொத்து என்று காரணங்கள் பல. ஆனால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட, தங்கள் கை படாத ஓர் ஆவணத்துக்கு ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும்படி மக்களைக் கேட்டதும் அவற்றில் ஒன்று என்றே நாம் கருதுகிறோம்.

நிக்கோசியாவின் குறையும் அங்கேதான். திட்டம் பெரும்பாலும் வல்லுநர்களின் மேசையில் உருவானது. வரோஷாவில் அது போதாது. அரை நூற்றாண்டாக உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்த கட்டடங்களில் பலவற்றை இடித்தே ஆக வேண்டியிருக்கும். எதை இடிப்பது, எந்தத் தெருவின் முகப்பையாவது காப்பாற்றுவது, கடற்கரையை மறுபடியும் ஓட்டல்களுக்கே கொடுப்பதா என்பவை பொறியாளர் மட்டும் தீர்க்கிற கேள்விகள் அல்ல. தாத்தா கடை வைத்திருந்த மூலையைப் பேரன் அறிவான். அந்த வேலியின் மறுபக்கத்தில் வளர்ந்த துருக்கிய சைப்ரஸ் பெண்ணுக்கும் அந்த ஊரில் ஒரு வாழ்க்கை இருக்கிறது. வரோஷா எழுந்தால் தன் பழைய நகரம் பிழைக்குமா, ஃபமகுஸ்டா துறைமுகம் உலக வணிகத்துக்குத் திறக்குமா என்று அவள் கேட்பது நியாயம். ஃபமகுஸ்டா ஈகோசிட்டி முயற்சியில் இரு சமூகத்தவரும் இத்தகைய கேள்விகளோடு ஏற்கெனவே கூடியிருக்கிறார்கள். அதிகாரமும் பணமும்தான் அவர்களிடம் இல்லை.

ஆகவே நிபந்தனைகள் தெளிவாக இருக்க வேண்டும். சொத்துரிமை பேரம் பேசப்படக் கூடாது. பங்கேற்பு என்ற பெயரில் ஒருவருடைய பட்டாவை இன்னொருவர் கரைக்க முடியாது. திட்டக் குழுவில் இரு சமூகத்துக்கும் சம இடம் வேண்டும். 1974க்குப் பின் பிறந்தவர்களுக்கும் அதில் கணிசமான பங்கு வேண்டும். கூட்டத்தில் எடுத்த முடிவை மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும். கட்டடங்களின் நிலையை ஆராயும் கூட்டுக் குழுவை வேலிக்குள் அனுமதிக்க எந்த உடன்பாடும் கையெழுத்தாகத் தேவையில்லை. எர்ஹுர்மனும் சைப்ரஸ் அதிபர் நிக்கோஸ் கிறிஸ்டோடூலிடிஸும் அதற்கு ஒப்புக்கொள்ளட்டும். முதல் இரண்டு ஆண்டுச் செலவை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கட்டும்.