முழுத் தூரம்

தடகளத்தில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, உலக சாதனை என்ற பேச்சே எழாத ஓர் ஓட்டம். உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்பில் பெண்கள் ஓடும் 10 கிலோமீட்டரைச் சொல்கிறேன். செயற்கை ஓடுபாதை கிடையாது. புல்வெளி, சேறு, மணல், மேடு, பள்ளம் என்று எது வேண்டுமானாலும் காலுக்கடியில் வரும். 2019-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில், மோஸ்கார்ட் அருங்காட்சியகத்தின் புல் வளர்ந்த சரிவுக் கூரைமீதே ஏறி இறங்கினார்கள். 2023-ல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட்டில் திராட்சைத் தோட்டத்துக்குள் புகுந்து வெளியே வந்தார்கள். ஓர் ஊரில் எடுத்த நேரத்தை இன்னோர் ஊரின் நேரத்தோடு ஒப்பிட வழியே இல்லை. ஆகவே இங்கே கடிகாரத்துக்கு வேலை குறைவு. யாருக்கு முன்னால் யார் வந்தார் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கும் அழகானது. ஒரு நாட்டுக்கு ஆறு பேர் ஓடலாம். அவர்களில் முதலில் வரும் நால்வரின் இடங்களைக் கூட்டுவார்கள். எந்த நாட்டின் கூட்டுத்தொகை குறைவோ அந்த நாட்டுக்குத் தங்கம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நால்வரும் வந்துவிட்டால் 10. அதற்குக் கீழே போகவே முடியாது. ஆக, முதலில் வருபவருக்கு எவ்வளவு பொறுப்போ, நான்காவதாக வருபவருக்கும் அவ்வளவு பொறுப்பு. முப்பதாவது இடத்தில் மூச்சிரைத்து ஓடும் பெண், முன்னால் போகும் ஒருத்தியைக் கடைசி நூறு மீட்டரில் முந்தினால் அவள் நாட்டின் பதக்கமே நிறம் மாறலாம். ஓட்டத்தைத் தனிமனித ஆட்டமாகவே பார்த்துப் பழகிய நமக்கு, இது கண்ணைத் திறக்கும் பாடம்.

2017 மார்ச்சில் உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கென்யாவிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். முதல் ஆறு இடங்களையும் அந்த ஆறு பேரே எடுத்துக்கொண்டார்கள். ஐரீன் செப்டாய் முதலிடம். அடுத்து ஆலிஸ் அப்ரோட், லிலியன் ரெங்கெருக். நான்காவதாக ஹைவின் கியெங். இவர் தடைதாண்டி ஓடும் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் 2015-ன் உலக சாம்பியன். ஐந்தாவது, ஆக்னஸ் டிரோப். ஆறாவதாக வந்தவர் ஃபெய்த் கிப்யேகோன். முந்தைய ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் தங்கம் வென்றவர், பின்னால் டோக்கியோவிலும் பாரிஸிலும் அதே தங்கத்தை மறுபடி வென்றவர். அவருடைய ஆறாவது இடம் அன்று அணிக் கணக்கிலேயே சேரவில்லை! 1500 மீட்டர்காரர், ஸ்டீபிள்சேஸ்காரர், 10,000 மீட்டர்காரர் எல்லாரும் ஒரே கோட்டில் நின்று ஒன்றாகப் புறப்படுவது உலகத்தில் இந்த ஒரு மைதானத்தில்தான் நடக்கிறது.

கம்பாலா ஓட்டத்துக்கு இதைவிடப் பெரிய சிறப்பு ஒன்று உண்டு. முதன்மை ஓட்டத்தில் ஆண்களும் பெண்களும் ஒரே தூரம் ஓடிய முதல் உலக கிராஸ் கன்ட்ரி அதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சீனாவின் குய்யாங்கில் ஆண்களுக்கு 12 கிலோமீட்டர், பெண்களுக்கு 8 கிலோமீட்டர். கம்பாலாவில் இருவருக்கும் 10. இந்தச் சமன்பாட்டுக்கு வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று என்று பார்த்தால் மனம் கனக்கிறது.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையோடு வென்றார். ஓடி முடித்த களைப்பில் சிலர் தரையில் சாய்ந்தார்கள். ஓடியவர் களைத்துப் படுப்பதில் என்ன அதிசயம்? ஆனால் பத்திரிகைகள் அதைப் பெரிய விபரீதம்போல ஊதிப் பெருக்கின. பெண்ணின் உடம்பு இவ்வளவு தூரத்தைத் தாங்காது என்று தீர்ப்பு எழுதினார்கள். அந்த ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து எடுக்கப்பட்டது. 1960-ல் ரோமில்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட 32 ஆண்டுகளில் ஓடப் பிறந்த எத்தனை பெண்கள் தங்கள் தூரம் எது என்றே தெரியாமல் போயிருப்பார்கள்!

ஓடுபாதையில் கிடைக்காத தூரத்தைப் பெண்கள் புல்வெளியில் தேடினார்கள். அங்கும் கதவு சுலபமாகத் திறக்கவில்லை. ஆண்களுக்கான சர்வதேச கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப் 1903-ல் ஸ்காட்லாந்தில் தொடங்கியது. அதில் பெண்களுக்கும் ஓர் ஓட்டம் சேர்ந்தது 1967-ல், வேல்ஸில் உள்ள பாரி என்ற ஊரில். அன்று வென்றவர் அமெரிக்காவின் டோரிஸ் பிரவுன். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அவர்தான் வென்றார். உலகத்தின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரியான அவர் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடி ஐந்தாவதாக வந்தார். காரணம் எளியது. அதைவிட நீண்ட ஓட்டம் பெண்களுக்கு அந்த ஒலிம்பிக்கில் இல்லவே இல்லை.

1973-ல் பெல்ஜியத்தின் வாரகெமில் இன்றைய உலக சாம்பியன்ஷிப் தொடங்கியது. ஆண்களுக்குச் சுமார் 12 கிலோமீட்டர், பெண்களுக்குச் சுமார் 4. இத்தாலியின் பவோலா பிஞி முதல் சாம்பியன். பிறகு நார்வேயின் கிரெட்டே வைட்ஸ் வந்தார். 1978 முதல் 1983-க்குள் ஐந்து முறை வென்றார். முதல் பட்டம் வென்ற அதே 1978-ல் நியூயார்க்கில் தன் வாழ்வின் முதல் மாரத்தானை ஓடி, உலகத்திலேயே வேகமான நேரத்தில் முடித்தார். அந்த நாளில் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மிக நீண்ட ஓட்டம் 1500 மீட்டர்! 42 கிலோமீட்டரை உலகிலேயே வேகமாக ஓடிய பெண்ணுக்கு ஒலிம்பிக் அளித்தது ஒன்றரை கிலோமீட்டர். பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்குக்கு வந்தது 1984-ல், 10,000 மீட்டர் 1988-ல்.

பிறகு ஆப்பிரிக்கப் பெண்களின் காலம். 1994-ல் புடாபெஸ்ட்டில் ஹெலன் செப்ங்கெனோ கென்யாவுக்கு இந்தப் பட்டத்தை முதலில் வென்று தந்தார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் டர்ஹமில் எத்தியோப்பியாவின் டெரார்டு துலு. வழியில் ஏதென்ஸ் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு, தூக்கமில்லாமல், ஓட்டம் தொடங்க ஒரு மணி நேரமே இருக்கையில் வந்து சேர்ந்தார். ஓடினார், வென்றார். 2004-ல் ஆஸ்திரேலியாவின் பெனிட்டா ஜான்சன் வென்றதற்குப் பிறகு, ஆப்பிரிக்காவில் பிறக்காத எந்தப் பெண்ணும் இந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை. இத்தனை நடந்தும் தூரம் மட்டும் 4, 6, 8 என்று, கேட்டுக் கேட்டுக் கொடுத்த கடன்போல, கொஞ்சம் கொஞ்சமாகவே கூடியது. 4-லிருந்து சமமான 10-க்கு வர 44 ஆண்டுகள்.

சமத் தூரம் வந்தபின் என்ன ஆயிற்று என்பதற்கு பாதர்ஸ்ட்டையே சாட்சியாக வைக்கிறேன். 2023 பிப்ரவரி, கடும் வெயில். எத்தியோப்பியாவின் லெட்டெசென்பெட் கிடே முன்னணியில் இருந்தார். 10,000 மீட்டரில் அப்போதைய உலக சாதனையும் உலகப் பட்டமும் அவரிடம்தான் இருந்தன. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த நான், அவர்தான் வெல்வார் என்று உறுதியாக நம்பினேன். முடிவுக்கோடு கண்ணுக்கு எதிரே. பின்னாலிருந்து வேகமெடுத்த கென்யாவின் பீட்ரைஸ் செபெட் எட்டிப் பிடித்துக் கடந்து போக, சில மீட்டர் தூரத்தில் கிடேயின் கால்கள் மடங்கின. விழுந்தார். எழுந்து நிற்க முடியவில்லை. ஒருவர் ஓடிவந்து தூக்கிவிட்டார். வெளியார் கை பட்டால் தகுதி நீக்கம் என்பது விதி. அந்த விதியின்படி கிடேயின் பெயர் முடிவுப் பட்டியலிலிருந்து போயிற்று.

என் மனம் உடனே 1928-க்குப் போனது. அன்றும் பெண்கள் விழுந்தார்கள், இன்றும் ஒரு பெண் விழுந்தாள். அன்று விழுந்ததற்குத் தண்டனையாக உலகத்துப் பெண்கள் அத்தனை பேருடைய தூரமும் பறிக்கப்பட்டது. இன்று, பெண்களுக்கு 10 கிலோமீட்டர் அதிகம், 8-க்குக் குறையுங்கள் என்று யாரும் எழுதவில்லை. கிடே தன் முழு பலத்தையும் கொடுத்துவிட்டார், அதனால் விழுந்தார் என்றே எல்லாரும் புரிந்துகொண்டார்கள். ஆண்கள் விழுந்தபோதெல்லாம் உலகம் அப்படித்தானே புரிந்துகொண்டது? 2007-ல் மொம்பாசாவின் புழுக்கத்தில் ஆண்கள் ஓட்டத்தின் மாவீரன் கெனெனிசா பெக்கெலே பாதியிலேயே விலகினார். ஆண்களின் உடம்பு 12 கிலோமீட்டரைத் தாங்காது என்று எவரும் சொல்லவில்லை. பெண்ணும் விழலாம், விழுந்தால் அது அவள் ஒருத்தியின் அன்றைய விழுதல் மட்டுமே என்று ஏற்றுக்கொள்ள விளையாட்டு உலகத்துக்குப் பல தலைமுறை பிடித்தது. கிடே எழுந்தார். ஆறே மாதத்தில் புடாபெஸ்ட் நகரில், உலகத் தடகள சாம்பியன்ஷிப்பின் 10,000 மீட்டரில் வெள்ளி வென்றார்.

செபெட்டின் கதை இன்னும் மேலே போகிறது. 2019-ல் ஆர்ஹுஸில் 20 வயதுக்கு உட்பட்டோர் பட்டம், 2023-ல் பாதர்ஸ்ட், 2024 மார்ச்சில் பெல்கிரேடில் மறுபடி. பெல்கிரேடுக்கு இரண்டு மாதம் கழித்து 10,000 மீட்டரை 28 நிமிடம் 54.14 விநாடியில் ஓடி, 29 நிமிடத்துக்குள் முடித்த முதல் பெண்ணானார். 2025 ஜூலையில் 5000 மீட்டரை 14 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண்ணும் அவரே. பாரிஸ் ஒலிம்பிக்கின் இரண்டு தங்கங்கள் வேறு. சேற்றிலும் மேட்டிலும் முழுத் தூரம் ஓடிப் பழகிய கால்கள் சமதளத்தில் என்ன செய்யும் என்பதை அவர் காட்டிவிட்டார்.

இதோடு முடித்திருந்தால் இது மகிழ்ச்சியான பத்தியாக இருந்திருக்கும். ஆனால் கம்பாலாவில் ஐந்தாவதாக வந்த ஆக்னஸ் டிரோப்பைப் பற்றிச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது.

டிரோப் 2015-ல் குய்யாங்கில் பெண்கள் பட்டத்தை வென்றபோது வயது 19. பிறகு 2017-லும் 2019-லும் உலகத் தடகள சாம்பியன்ஷிப்பின் 10,000 மீட்டரில் வெண்கலம். டோக்கியோ ஒலிம்பிக்கின் 5000 மீட்டரில் நான்காவது இடம். 2021 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியில், பெண்கள் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தை 30 நிமிடம் ஒரு விநாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 13 அன்று, கென்யாவின் இட்டென் ஊரில் தன் வீட்டுக்குள் குத்துப்பட்டு இறந்து கிடந்தார். வயது 25. கணவர்மீது கொலை வழக்கு தொடரப்பட்டது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார்.

டிரோப்போடு அது நிற்கவில்லை. 2022-ல் தாய்லாந்தில் மலை ஓட்டத்தில் உலகப் பட்டம் வென்றவர் உகாண்டாவின் ரெபெக்கா செப்டெகெய். பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஓடிவிட்டு வந்த சில வாரங்களில், 2024 செப்டம்பரில், கென்யாவில் இருந்த வீட்டில் அவர்மீது பெட்ரோல் ஊற்றித் தீவைக்கப்பட்டது. நாலைந்து நாளில் இறந்துபோனார். தீ வைத்தவர் அவரோடு உறவில் இருந்த ஆண்.

உலக கிராஸ் கன்ட்ரியில் இன்று பரிசுத் தொகையும் இருபாலருக்கும் ஒன்றுதான். முதலிடத்துக்கு 30,000 டாலர். மைதானம் சமமாகிவிட்டது. அந்தப் பணம் வீடு வந்து சேர்ந்தபின் யார் கையில் இருக்கிறது, நிலம் யார் பெயரில் வாங்கப்படுகிறது, பயிற்சியாளராக வந்தவரே கணவராகி வங்கிக் கணக்கையும் வைத்துக்கொள்வது ஏன் என்ற கேள்விகளைக் கென்ய வீராங்கனைகளே இப்போது வெளிப்படையாகக் கேட்கிறார்கள். டிரோப்பின் மறைவுக்குப் பிறகு வயோலா செப்டூ உள்ளிட்ட சக ஓட்டக்காரிகள் சேர்ந்து 'டிரோப்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வீட்டு வன்முறையில் சிக்கிய பெண்களுக்குத் துணை நிற்பது அவர்கள் வேலை. 2022 பிப்ரவரியில் எல்டோரெட்டில் டிரோப்பின் பெயரிலேயே ஒரு சர்வதேச கிராஸ் கன்ட்ரி போட்டியும் நடந்தது. தோழியின் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு அழுததோடு நின்றுவிடாமல் அமைப்பாகத் திரண்ட அந்தப் பெண்களை நான் எந்தத் தங்கப் பதக்கத்துக்கும் மேலாக மதிக்கிறேன்.

ஓடுகளத்தில் நான்கு கிலோமீட்டரைப் பத்தாக்க 44 ஆண்டுகள் ஆயின. அதைச் செய்ய ஒரு சம்மேளனமும் ஒரு தீர்மானமும் இருந்தன. வீட்டுக்குள் அப்படித் தீர்மானம் போட எந்தச் சம்மேளனமும் வராது. அதை நாம்தான் செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் ஓட ஆசைப்படும் பெண் இருந்தால், பாதித் தூரம் போதும் என்று சொல்லாதீர்கள். விழுந்தால் ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். அவள் வென்று வரும் பணம் அவள் பெயரில், அவள் கையில் இருக்கட்டும். அவள் வீட்டுக்குள் பயப்படுகிறாள் என்று தெரிந்தால், அது குடும்ப விஷயம் என்று ஒதுங்காமல் அன்றே பக்கத்தில் போய் நில்லுங்கள்.