மூலத்தைக் காப்போம்

“படந்தானே, சிறிதாக இருந்தால் பெரிதாக்கிக் கொண்டால் போயிற்று” என்று சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆண்டு மலருக்குப் படம் கொடுப்போரும் அப்படிச் சொல்கின்றனர். விழாவுக்குத் தட்டி அச்சிடுவோரும் அப்படிச் சொல்கின்றனர். கேட்பதற்கு எளிய இச்சொல்லுள் அடிப்படையான பிழையொன்று ஒளிந்திருக்கிறது. அப்பிழையால் நாம் இழப்பது அச்சுப் பக்கத்தின் அழகை மட்டுமன்று. மனிதர்களின் முகங்களையே இழந்து வருகிறோம் என்பது என் கருத்து. அதனை மாணவத் தோழர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணிப்பொறிக்குள் இருக்கும் படம் என்பது யாது? கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வண்ணத்தின் எண்ணை எழுதி வைத்தது போன்றதே அது. அக்கட்டத்தைப் படப்புள்ளி அல்லது பிக்சல் என்கிறோம். 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பார் தம் கைக்குழந்தையின் ஒளிப்படத்தைக் கணிப்பொறியில் ஏற்றினார். அப்படத்தில் இருந்தவை 176க்கு 176, அதாவது 30,976 புள்ளிகளே. இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைபேசி ஒரு நொடியில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைப் பதிந்துவிடுகிறது. எண்ணிக்கை பெருகியதேயன்றி விதி மாறவில்லை. எழுதி வைத்த எண்கள் உள்ளவரையில்தான் படம் உண்டு.

இனி, படத்தைச் சுருக்குவதைப் பார்ப்போம். 2000 புள்ளி அகலமும் 1600 புள்ளி உயரமும் உள்ள படத்தில் 32 லட்சம் புள்ளிகள் உள்ளன. அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் எஞ்சுவது 8 லட்சம். பாதியாகத்தானே குறைத்தோம் என்று நாம் எண்ணுகிறோம்; உண்மையில் முக்கால் பங்கு போய்விட்டது. அதைச் சேமித்து மூடிவிட்டு, மறுநாள் திறந்து பழைய அளவுக்குப் பெரிதாக்கினால், போன 24 லட்சம் எண்கள் திரும்பி வருமா? வாரா. மென்பொருள் அவ்விடங்களை ஊகத்தால் நிரப்புகிறது. பக்கத்துப் புள்ளியை அப்படியே எடுத்து ஒட்டுவது ஒரு முறை. கோடுகள் படிக்கட்டுப் போலத் தெரியும். சுற்றியுள்ள நான்கு புள்ளிகளைக் கலந்து கணிப்பது மற்றொரு முறை. பதினாறு புள்ளிகளைக் கொண்டு கணிக்கும் ‘பைகியூபிக்’ முறை இவற்றினும் நயமானது. ஆயினும் எந்த முறையும் இல்லாத செய்தியை உண்டாக்காது. இருப்பதைப் பரப்பிக் காட்டும், அவ்வளவே.

படத்தைச் சாய்த்துத் திருப்புவதிலும் இதே இடர் உண்டு. 90 பாகை திருப்பினால் புள்ளிகள் இடம் மாறுமேயன்றி மதிப்பு மாறா. ஆனால், கோணலாக எடுத்த படத்தை 3 பாகை திருப்பினால் பழைய கட்டங்கள் புதிய கட்டங்களோடு பொருந்தா. ஒவ்வொரு புள்ளியையும் புதிதாகக் கணித்தாக வேண்டும். 3 பாகை திருப்பிவிட்டு, போதாதென்று மேலும் 2 பாகை, அதிகமாயிற்றென்று பின்னோக்கி ஒரு பாகை என்று திருப்பினால் மூன்று முறை கணிப்பு. மூன்று முறை மங்கல். ஒரே முறையில் 4 பாகை திருப்பியிருந்தால் ஒரு கணிப்போடு முடிந்திருக்கும்.

சேமிக்கும் வடிவம் பற்றியும் ஒரு சொல். 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் என்னும் வடிவம், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களைத் தள்ளிவிட்டு இடத்தை மிச்சப்படுத்துகிறது. ஒரு முறை செய்தால் பெரிய குற்றமில்லை. திருத்துவதும் அதே வடிவத்தில் சேமிப்பதும் மீண்டும் திருத்துவதுமாக இருந்தால் தேய்மானம் கூடிக்கொண்டே போகும். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதிய காலத்தில், ஒருவர் விட்ட எழுத்தை அடுத்தவரும் விட்டு, தாமும் ஒன்றை விட்டு எழுதினார் அல்லவா? அந்தக் கதைதான் இது. இடையிலே திருத்த வேண்டிய படத்தை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் இழப்பின்றிச் சேமித்து, எல்லாம் முடிந்தபின் ஜேபெக்காக்கி அனுப்புவதே முறை.

இதற்கெல்லாம் மருந்து என்ன? அது நம் ஊர் ஒளிப்பட நிலையங்கள் என்றோ கடைப்பிடித்த மருந்துதான். எத்தனை பிரதி கேட்டாலும், எந்த அளவில் கேட்டாலும், அவர்கள் நெகடிவ்விலிருந்தே எடுத்துக் கொடுத்தனர். நெகடிவ் கையில் இருக்கப் பிரதியைப் பார்த்துப் பிரதி எடுப்பாரில்லை. இன்றைய மென்பொருளும் இதே நெறியை நமக்குத் தருகிறது. போட்டோஷாப்பில் 2005 முதல் உள்ள ‘ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்’ வசதி, மூலப்படத்தை உள்ளே பத்திரமாக வைத்துக்கொண்டு, நாம் எத்தனை முறை சுருக்கி விரித்தாலும் ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே புதிதாகக் கணிக்கிறது. விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலோ, சுருக்குதல், திருப்புதல், சாய்த்தல் ஆகிய மூன்றையும் ஒரே கணிப்பில் முடிக்கும் ஒருங்கிணைந்த கருவி உண்டு. காசில்லை என்ற சாக்கு மாணவனுக்கும் இங்கே செல்லாது.

“இவ்வளவு பெரிய கோப்புகளை வைக்க இடமேது?” என்று சிலர் வினவுகின்றனர். கணக்கிட்டுப் பார்ப்போம். பத்துக்கு எட்டு அங்குலக் குழுப்படம் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வருடினால் 2 கோடியே 88 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட்டு வீதம் 86 மெகாபைட்டுக்குச் சற்று மேல். ஒரு டெராபைட்டு வட்டில் இத்தகைய படங்கள் பதினோராயிரம் அடங்கும். நம் கல்லூரித் துறைகள் அனைத்தின் சுவர்களிலும் அத்தனை படங்கள் இரா.

“செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அது தெளிவாக்கித் தந்துவிடும்” என்பார் வேறு சிலர். இங்கேதான் நான் வன்மையாக மறுக்கிறேன். அமெரிக்க நாட்டு டியூக் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘பல்ஸ்’ என்னும் நிரல், மங்கிய முகத்திலிருந்து தெளிந்த முகத்தைத் தருவது. 2020இல் அதனிடம் பராக் ஒபாமாவின் மங்கிய படத்தைக் கொடுத்தபோது, அது வெள்ளைக்காரர் ஒருவரின் முகத்தைத் தெள்ளத் தெளிவாகத் தந்தது! உலகறிந்த முகம் ஆதலால் பிழை உடனே வெளிப்பட்டது. நம் சுவரிலுள்ள பழைய மாணவரின் முகத்துக்கு அவ்வாறு நேர்ந்தால் அறிந்து சொல்ல யார் இருக்கிறார்? மங்கலான படம் “எனக்குத் தெரியவில்லை” என்று நாணயமாகச் சொல்கிறது. இட்டுக்கட்டிய தெளிவு பொய் சொல்கிறது. அலங்காரத் தட்டிக்கு அது பொருந்தலாம், வரலாற்றுக்குப் பொருந்தாது.

வரலாறு என்று நான் சொல்வது பெரிய சொல்லாகத் தோன்றலாம். குழுப்படத்தில் ஒருவர் முகத்தின் அகலம் அரை அங்குலத்துக்கும் குறைவு. அது 0.4 அங்குலம் என்று கொண்டால், 600 புள்ளி வீதம் வருடிய படத்தில் அம்முகத்துக்கு 240 புள்ளி அகலம் கிடைக்கும். அதே படம் 800 புள்ளி அகலமாகச் சுருங்கிக் கைபேசிக்குக் கைபேசி தாவினால், முகத்துக்கு எஞ்சுவது 32 புள்ளிதான். கண்ணும் மூக்கும் அதற்குள் அடங்கியாக வேண்டும். பல குடும்பங்களில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைக்கு இருந்த ஒரே நல்ல படம் அந்தக் குழுப்படமே. சுவரிலுள்ள தாள் ஒருபுறம் செல்லரிக்க, கைபேசியிலே 32 புள்ளி மட்டும் மிஞ்சுமானால், அந்த முகத்துக்கு நாம் செய்த மரியாதை என்ன?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு துறையும் தன் குழுப்படங்களை 600 புள்ளி வீதம் வருடி, டிஃப் வடிவில் இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். வரிசை மாறாமல் பெயர்களையும் எழுதி வைக்க வேண்டும். மூலத்தில் எவரும் கை வைக்கலாகாது. வேலை எதுவாயினும் படியெடுத்தே செய்ய வேண்டும். மலருக்குப் படம் கொடுப்போர் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பதை நினைவிற்கொண்டு, ஐந்து அங்குல அகலத்துக்கு 1500 புள்ளியாவது உள்ள படத்தைக் கொடுக்க வேண்டும். அமைப்பில் 72 என்றிருப்பதை 300 என்று மாற்றி எழுதிவிட்டால் மட்டும் புள்ளிகள் பெருகிவிடா. பக்கம் நிரம்பவில்லை என்பதற்காக முகத்தை அகலவாக்கில் இழுக்கவும் வேண்டா. நீள அகல விகிதத்தைக் காத்து, வேண்டுமானால் ஓரத்தை வெட்டிக் கொள்ளலாம்.

இவற்றில் எதுவும் செலவு மிக்கதன்று; நிபுணர் வேண்டுவதும் அன்று. வருடி ஒன்றும் ஒரு விடுமுறை வாரமும் நான்கு மாணவரும் போதும். அந்த நால்வரில் ஒருவனாக நான் வரச் சித்தமாயிருக்கிறேன். மற்ற மூவரை எதிர்பார்க்கிறேன்.