பறம்பும் வெண்திரையும்

நூலைப் படித்தவனுக்குப் படம் பிடிப்பதில்லை. படத்தைப் பார்த்தவனுக்கு நூலைப் படிக்கப் பொறுமையில்லை. இவ்விருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்துவிட்டால் அன்றைய மாலைப்பொழுது வழக்காடுவதிலேயே கழியும். யாம் எக்கட்சியிலும் சேராதவர்கள். நூலையும் படிப்போம், படத்தையும் பார்ப்போம், தொலைக்காட்சித் தொடரையும் விட்டுவைப்பதில்லை. திறனாய்வு இலக்கணம் வகுக்கும் தகுதி எமக்கில்லை. கொட்டாம்பட்டியிலிருந்து பார்க்கும் பார்வையாளர் கருத்தாகவே இதனைக் கொள்க.

தழுவல் தமிழுக்குப் புதிதன்று. வான்மீகியைக் கம்பர் தழுவியபோது காவிரிக்கரை வயலும் வாய்க்காலும் கோசலத்துக்குக் குடிபெயர்ந்தன. உமறுப் புலவர் சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைப் பாடுங்கால் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் உழவுத்தொழில் நடக்கிறது. பாலை நிலத்தில் நாற்றங்கால் ஏது என்று எவரும் புலவர்மேல் வழக்குத் தொடுக்கவில்லை. உயிரைக் கெடாது காத்தவர்க்கு உடலை மாற்றும் உரிமை உண்டென்று நம் முன்னோர் கொண்டனர் போலும். ஆகவே, 'நூலில் உள்ள இன்னது படத்தில் இல்லை' என்று கணக்கப்பிள்ளை வேலை பார்ப்பதில் எமக்கு விருப்பமில்லை.

புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' ஒரு சிறுநூல். இயக்குநர் மகேந்திரன் அதிலிருந்து கருவை மட்டும் எடுத்துக்கொண்டு 1979இல் 'உதிரிப்பூக்க'ளைப் படைத்தார். நூலையும் படத்தையும் அருகருகே வைத்து நோக்கினால் உறவுமுறையே ஐயத்துக்கு உரியதாகிவிடும். எனினும், தாயற்ற குழந்தையின் தனிமை என்னும் அந்த ஒன்று இரண்டிலும் நிற்கிறது. அது போதும். எம்.ஜி.ஆர். நடித்து 1978இல் வெளிவந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' அகிலனின் 'கயல்விழி'யிலிருந்து வந்தது. அதில் கயல்விழியைக் காட்டிலும் எம்.ஜி.ஆரையே மிகுதியாகக் கண்டோம். இதையும் குறையாகச் சொல்லவில்லை. நுழைவுச்சீட்டு வாங்கியவருள் பெரும்பாலோர் அவரைக் காணவே வாங்கினர்.

'பொன்னியின் செல்வன்' எமக்கு வேறுவகையான ஏக்கத்தைத் தந்தது. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த ஐந்து பாகக் கதையை, மணிரத்னம் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு படங்களாகச் சுருக்கினார். காட்சிகளின் அழகைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும், கதையை நிறுத்திவிட்டு வாசகரை நோக்கித் திரும்பி, அவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வாரே கல்கி, அவரைப் படத்தில் காணோம். தொடக்கத்தில் கமல்ஹாசனின் குரல் முன்னுரை கூறியது. பின்னர் அக்குரலும் நம்மைக் கதைக்குள் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

இந்த இடத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடரை நினைவூட்ட விரும்புகிறோம். 1988 அக்டோபரில் தொடங்கி 1990 வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'மகாபாரத்' தொடரில், இருளில் சுழலும் சக்கரத்தின் பின்னணியில் 'காலம்' என்பதே பேசும். கதைசொல்லி மனிதனல்லன், காலமே கதைசொல்லி. ஆண்டெனாவைக் கொடைக்கானல் திசைக்குத் திருப்பிவைத்து, இந்தியில் ஓர் எழுத்தும் அறியாத எம்மூர்ப் பெரியவர்களும் அத்தொடரைக் கண் இமைக்காது பார்த்தனர். அதன் உரையாடலை எழுதியவர் ராஹி மாசூம் ரஸா. அலிகாரில் உருது கற்பித்தவர். தம் சிற்றூரின் இசுலாமியக் குடும்பங்கள் நாட்டுப் பிரிவினையின்போது பட்ட பாட்டை 'ஆதா காவ்' என்னும் இந்தி நாவலாக 1966இல் எழுதியவர். வியாசரின் கதைக்குப் பேச்சு வழங்க அவர் அமர்த்தப்பட்டதும், அதனை அவர் நிறைவேற்றிய திறமும் தழுவலைப் பற்றி நீண்ட சொற்பொழிவுகள் கூறாததைக் கூறும். மூலத்தின்மேல் உரிமை பிறப்பால் வருவதன்று. தோய்ந்து கற்பதால் வருவது.

இனி எம் பகுதிக்கு வருவோம். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய மதுரை நாவல். 2011ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதன் சிறு பகுதியொன்றை மட்டும் எடுத்து வசந்தபாலன் 2012இல் 'அரவான்' ஆக்கினார். பெருங்குளத்தை முகந்துவிட முயலாமல் ஒரு குடம் மொண்ட அறிவை யாம் பாராட்டினோம். படம் முழுவதும் அந்நிறைவு நிலைத்ததா என்றால், பாட்டும் ஆட்டமும் புகுந்த இடங்களில் இல்லை.

அதே ஆசிரியர் ஆனந்த விகடனில் நூறு வாரங்களுக்கு மேல் எழுதிய 'வீரயுக நாயகன் வேள்பாரி'யின் உரிமை தம்மிடம் உள்ளது என்று இயக்குநர் ஷங்கர் 2024இல் அறிவித்தார். அக்கதையின் காட்சிகளைப் பிறர் தம் இசைவின்றி எடுத்தாள்வதாக அவர் வருந்திய செய்தியும் அப்போதே வந்தது. எமக்கு வந்த கவலை அதுவன்று.

கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே பிரான்மலை இருக்கிறது. சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் அதன் அடிவாரத்தில். உச்சியில் ஒரு தர்கா. சங்கப் புலவர் பாடிய பறம்பு அதுவே என்று அறிஞர் பலர் கொள்வர். எம்மூரார் ஐயமின்றிக் கொள்வர். பாரி எமக்குப் பாடநூல் வள்ளல் மட்டும் அல்லன், பக்கத்து ஊர்க்காரன்.

அவனை வெண்திரை எவ்வாறு காட்டும்? 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தபின் கட்டபொம்மனுக்குச் சிவாஜி கணேசனின் முகமும் குரலுமே நிலைத்துவிட்டன. அவர் பேசிய வசனம் வரலாற்று ஏட்டில் உள்ளதென்றே இன்றும் நம்புவோர் உளர். முதலில் வரும் பெரிய படம் எதுவோ, அதுவே பின்வரும் தலைமுறைக்கு மூலம். பாரிக்கும் அதுவே நேரும். பிரான்மலை அடிவாரத்துப் பிள்ளைகள் தம் மலையைத் தாமே திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்கள்.

அதனாலேதான் பழைய ஒன்றை மறக்க இயலவில்லை. இதே இயக்குநரின் 2007ஆம் ஆண்டுப் படமான 'சிவாஜி'யில் அங்கவை, சங்கவை என்று இரு பெண்கள் வந்தனர். அவர்தம் கறுப்பு நிறமே நகைச்சுவைக்குப் பொருளாயிற்று. தந்தையாக நடித்தவர் எம் மதுரைத் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா. அரங்கம் சிரித்தது, தமிழ் படித்தோர் முகம் சுளித்தனர். (புறநானூற்றில் இப்பெயர்கள் இல்லை என்பதையும் மாணவர்கள் அறிக. அங்கே அவர்கள் 'பாரி மகளிர்' மட்டுமே. பெயர்கள் பிற்காலத்து வழக்கு.) கறுப்பு நிறத்தை நகையாடிய கை, கறுத்த மலைமக்களின் தலைவனைத் தீட்ட வருகிறது. பதினேழு ஆண்டுகளில் கையும் மாறியிருக்கலாம். மாறியிருக்க வேண்டும் என்பதே எம் விருப்பம்.

மற்றொரு கவலை போர் பற்றியது. மூவேந்தரும் முற்றுகையிட்டனர் என்றவுடன் யானையும் குதிரையும் அம்பு மழையும் கணினியில் பெருகும். அதற்கே செலவெல்லாம் ஆகும். ஆனால் கபிலர் பாடியது என்ன? மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் உழாமலே கிடைக்கும் மலை இது, படையால் வெல்ல முடியாது என்று வேந்தரிடம் சொல்கிறார். அடுத்து நாம் காண்பது பாரி இல்லாத பறம்பு. போரைக் கபிலர் பெரிதாகக் காட்டவே இல்லை. நண்பனின் மக்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு, கண்ணீருடன் மலையைத் திரும்பிப் பார்த்தபடியே நீங்குகிறார். விச்சிக்கோனிடம் செல்கிறார், இருங்கோவேளிடம் செல்கிறார், பெண்களை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறார். தம் வாழ்நாளெல்லாம் கேளாமலே பெற்ற புலவன், வாயில் வாயிலாக நின்று கேட்கிறான். தமிழில் இதனினும் துயரமான நடையை யாம் படித்ததில்லை. நாவலுக்கும் படத்துக்கும் போர் உச்சமாக இருக்கலாம். புறநானூற்றுக்கு அது தொடக்கமே.

அவற்றுள் ஒரு பாட்டில், பீர்க்கும் சுரையும் படர்ந்த சிறுமனையில் அப்பெண்கள் இருக்கின்றனர். குப்பை மேட்டின்மேல் ஏறி நின்று, வழியே செல்லும் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணி விளையாடுகின்றனர். முன்பு இதே பெண்கள் பறம்பின்மேல் நின்று எண்ணியவை, தந்தையை எதிர்த்து வந்த வேந்தரின் குதிரைகள். அதைக் கண்ட கபிலர் நெஞ்சம் நோகிறார். அவ்வளவே பாட்டு.

இக்காட்சி படத்தில் இடம்பெறுமா என்பதே எம் வினா. இதற்கு யானை வேண்டா. கணினி வித்தையும் வேண்டா. இரு பெண்களும் ஒரு மேடும் ஒரு சாலையும் போதும். எம்மூர் வழியே மதுரை–திருச்சி நெடுஞ்சாலை செல்கிறது. எண்ணுவதற்கு வண்டிகளுக்கும் குறைவில்லை. படக்குழுவினர் வருவாராயின், மேடு எங்குள்ளது என்று யாமே காட்டுவோம்.