நிற்கிற சாரணர்கள்

சாரணர் என்பது பழைய சொல். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்டு வணங்கும் சமண முனிவர்களுக்கு அந்தப் பெயர் உண்டு. அரசனின் ஒற்றர்களுக்கும் உண்டு. ஓரிடத்தில் தங்காமல் திரிகிறவர் என்பது இரண்டுக்கும் பொது. நம் பள்ளிக்கூடங்களிலோ சாரணன் என்றால் நிற்கிறவன். பிரமுகர் வருகிற வரையில் நிற்கிறவன்.

காரைக்குடியிலாகட்டும் தேவகோட்டையிலாகட்டும், ஒரு கட்டடத் திறப்பு விழா என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்குப் பிரமுகர் வருவதாகச் செய்தி வந்தால், ஒன்பது மணிக்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து வெயிலில் இரண்டு வரிசையாக நிறுத்திவிடுவார்கள். கழுத்தில் துண்டு, தலையில் தொப்பி, நாலு பேர் கையில் பாண்டு வாத்தியம். பிரமுகர் ஒரு மணிக்கு வருவார். மூன்று விரலால் சலாம். சாரணியருக்கு வேறு உத்தியோகம்: சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, ஆரத்தித் தட்டு. இதற்கு ஓர் உலக இயக்கம் எதற்கு, ஐயா? கல்யாண வீட்டில் சித்தப்பா மகளைக் கொண்டே இதை நன்றாகச் செய்துகொள்கிறார்களே!

இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் துரைக்காக வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவர் ஏகாதிபத்தியத்தின் படைத்தலைவர். 1909-ல் இந்தியாவில் இயக்கம் தொடங்கியபோது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்தான் இடம். நம் பிள்ளைகளுக்காக 1916-ல் சென்னையில் அன்னி பெசன்டும் அருண்டேலும் தனிச் சங்கம் காண வேண்டியிருந்தது. வடக்கே மாளவியாவின் சேவா சமிதி வேறு. 1937-ல் இந்தியரின் ஒழுக்கத்தைப் பற்றித் துரை உதிர்த்த வார்த்தைகள் மீண்டும் மனக்கசப்பை மூட்டின. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-ல்தான் எல்லாம் சேர்ந்து பாரத சாரணர் இயக்கமாயிற்று. சாரணியர் அடுத்த வருஷம் வந்து சேர்ந்தார்கள்.

ஆனாலும் 1907-ல் பிரவுன்சீ தீவில் அந்த மனிதர் செய்த காரியத்தை மறுக்க முடியாது. பிரபுக்கள் வீட்டுப் பையன்களையும் தொழிலாளி வீட்டுப் பையன்களையும் கலந்து, சுமார் இருபது பேரை நாலு அணியாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் தலைவன் ஒரு பையன். அடுப்பு மூட்டுவதும் கூடாரம் அடிப்பதும் அவர்கள் பாடு. பெரியவன் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதுதான் அதிலே புதுமை. 1909-ல் லண்டன் படிகமாளிகையில் சாரணர் கூடியபோது, யாரும் அழைக்காமலே பெண்பிள்ளைகளும் வந்து எங்களையும் சேர்த்துக்கொள் என்று நின்றார்கள். சாரணியர் இயக்கம் அப்படிப் பிறந்தது. அதன் பேரப்பிள்ளைகள் கையிலே நாம் கொடுத்திருப்பது ஆரத்தித் தட்டு.

வரிசையாக நிற்கும் பிள்ளைகளைக் கண்டால் எந்தச் சர்க்காருக்குத்தான் ஆசை வராது? ஹிட்லரின் ஜெர்மனி சாரணரைக் கலைத்துவிட்டுத் தன் சட்டையை மாட்டியது. இந்தோனேசியா 1961-ல் எல்லாச் சங்கங்களையும் ஒன்றாக்கிப் 'பிரமுக்கா' என்று பெயரிட்டது. உலகத்திலேயே பெரிய சாரணர் கூட்டம் அதுதான். ஆனால் பள்ளியில் அது கட்டாயமாயிருந்தது, 2024-ல்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. ஆள்தொகையைக் காட்டி மார்தட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். போலந்திலோ தடை செய்யப்பட்ட சாரணர்கள், 1944-ல் வார்சா கிளர்ச்சியின்போது குண்டு மழைக்கு நடுவே ஊராருக்குக் கடிதம் சுமந்து போய்ச் சேர்த்தார்கள். அவர்களை யாரும் பந்தல் வாசலில் நிறுத்திப் பழக்கவில்லை.

இங்கே என்ன நடக்கிறது? 2017-ல் மாநிலச் சாரணர் தலைவர் பதவிக்கு நடந்த தேர்தல் சட்டசபைத் தேர்தலைப் போல் அமளிப்பட்டது. காரைக்குடித் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே போட்டியிட்டுத் தோற்றார். இரு தரப்பாரும் பேசிய பேச்சில் கூடாரம் என்ற வார்த்தை என் காதில் விழவில்லை. 2025-ல் மணப்பாறையில் நாடெங்குமிருந்து சுமார் 20,000 பிள்ளைகள் கூடினார்கள். நல்ல காரியம். அஸ்ஸாம் பையனும் சிவகங்கைப் பையனும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரத்தில் தூங்கியிருந்தால் அந்த ஒன்றுக்கே செலவு தகும். ஆனால் அந்த ஒரு வாரத்துக்குப் போகக் கொடுத்துவைக்காத பிள்ளைக்கு ஊரில் மிச்சம் என்ன? 'ராஜ்ய புரஸ்கார்' சான்றிதழுக்கு நோட்டுப் புத்தகம் நிரப்புவது.

பெற்றோரைக் கேட்டால், "பிள்ளையை ராத்திரி வெளியில் விட்டால் பாம்பு கடிக்காதா? யார் பொறுப்பு?" என்கிறார்கள். கேட்பது யார்? செட்டிநாட்டுக்காரர்! இந்த மண்ணின் பையன்கள் மீசை முளைக்கும் முன்பே கப்பலேறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் பெட்டியடிப் பையனாகப் போனவர்கள். கிட்டங்கியில் படுத்து, ஏவின வேலையைச் செய்து, கணக்குப் பழகி, அடுத்தாளாகி, பிறகு முதலாளியின் பணத்தைத் தன் பொறுப்பில் கடன் கொடுக்கும் ஏஜெண்டானார்கள். அதைப் பொற்காலம் என்று நான் பாடவில்லை. தாயைப் பிரிந்த பிள்ளையும் கடன்பட்ட பர்மியக் குடியானவனும் வேறு கதை சொல்லுவார்கள். ஆயினும் பிள்ளையை நம்பத் தெரிந்த ஊர் இது.

அவ்வளவு தூரம் போவானேன்? தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கிற நகரத்தார் கூட்டத்தில் பையன்கள் இல்லையா? குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் என்று வெறுங்காலோடு நாட்கணக்கில் நடந்து, கண்ட இடத்தில் துண்டை விரித்துப் படுக்கிறார்களே, அப்போது பாம்பு எங்கே போயிற்று?

தலைமையாசிரியர்களிடம் நான் கேட்பது சொற்பம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஊருணிக் கரை. எட்டு எட்டுப் பேராக ஆண்பிள்ளைகள் தனி அணி, பெண்பிள்ளைகள் தனி அணி. கையில் அரிசி, பருப்பு, ஒரு பாத்திரம், முதலுதவிப் பெட்டி. பிள்ளைகளே தலைவரைத் தேர்ந்துகொள்ளட்டும். உபாத்தியாயர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் புளியமரத்தடியில் உட்கார்ந்து வாயை மட்டும் மூடிக்கொண்டிருக்க வேண்டும். சோறு குழையட்டும், குழம்பில் உப்புக் கூடட்டும். விடிந்ததும் ஊருணியில் மிதக்கும் பிளாஸ்டிக் பைகளை அவர்களே அள்ளிவிட்டு வீடு திரும்பட்டும்.

அதே சனிக்கிழமை ஊருக்குப் பிரமுகர் யாராவது வருவதாயிருந்தால், அவரை அழைத்தவர்கள் வாசலில் நிற்கலாம். பன்னீர்ச் செம்பு அப்படியொன்றும் கனமில்லை.