ஐந்து காசும் ஒரு நாள் கூலியும்

வேலை நிறுத்தம் என்றதும் கொடியும் முழக்கமுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. அன்று மாலை அரிசிப் பானையை எட்டிப் பார்த்தவரின் கவலையை யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிய வேலை நிறுத்தம், கோலசிலாங்கூர் உள்ளிட்ட சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அப்போது இந்தியத் தொழிலாளியின் நாட்கூலி ஏறக்குறைய 50 காசு. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். கிடைத்ததோ 5 காசு உயர்வு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேலைக்குப் போகாத ஒரு நாளில் 50 காசு இழப்பு. அதை 5 காசு உயர்வால் ஈடுகட்டப் பத்து நாள் உழைக்க வேண்டும். பத்து நாள் வேலை நிறுத்தம் என்றால், ஈடுகட்ட நூறு நாள். பல குடும்பங்களில் கணவனும் மனைவியும் பால்மரம் வெட்டினார்கள். ஆகவே இரண்டு கூலியும் ஒன்றாகவே நின்றன. குடியிருந்த லயத்து வீடும் நிர்வாகத்துடையது. கூலி வராதவருக்குக் கடைக்காரர் எத்தனை நாள் கடன் கொடுப்பார்?

இதைப் பார்த்து, வேலை நிறுத்தமே வீண் என்று சொல்வோர் உண்டு. அவர்கள் கூலியை மட்டும் எண்ணுகிறார்கள். அன்றைய கோரிக்கைகளுள் பிள்ளைகளுக்குக் கல்வி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவையும் இருந்தன. துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். அதற்கு எத்தனை காசு விலை போடுவது? மே மாதத்தில் அவர்களின் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டபோது, அவரை விடுவிக்கக் கோரி மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். அதில் ஒரு காசும் கூடுதலாக வரப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இருந்தாலும், வீரத்தைப் புகழ்வோர் பசியை மறப்பதும் சரியன்று. கையிருப்பு இல்லாத வீட்டை நீண்ட நாள் வேலை நிறுத்தத்துக்கு அழைப்பது பெரிய பொறுப்பு. அந்தச் சுமையைத் தனித்தனிக் குடும்பங்கள் தாங்க முடியாது. சங்கத்தின் சேமிப்புத்தான் தாங்க வேண்டும். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல்தான் உருவானது. மாதச் சந்தா பிடிக்கப்படும்போது முணுமுணுத்தவர்கள் பின்னாளில் இருந்திருக்கலாம். 1941இல் வேலையை நிறுத்தியவர்களுக்கு அப்படியொரு சேமிப்பு இல்லை. தங்கள் அரிசிப் பானையிலிருந்தே அவர்கள் சந்தா கட்டினார்கள்.