வெங்காயத்தாமரையை வேரோடு கட்டுப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்: குளத்துப் பாசன விவசாயிகள் சங்கம்
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், கோயம்புத்தூர்
பொருள்: நொய்யல் படுகைக் குளங்களில் களைச்செடி அகற்றம் – ஐந்தாண்டுத் திட்டம் வேண்டுதல்



நம் குளங்களை மூடிக்கிடக்கும் செடியைப் பொதுவாக ஆகாயத்தாமரை என்றே எல்லோரும் சொல்கிறோம். அது பெரும்பாலும் வெங்காயத்தாமரை. காம்பு உப்பிக் காற்றடைத்திருக்கும். ஊதாப் பூவின் மேலிதழில் மஞ்சள் பொட்டு இருக்கும். சித்த மருந்துக்கு ஆகும் ஆகாயத்தாமரைக்கு இலைக்காம்பே தெரியாது, மென்மயிர் படர்ந்த இலைகள் அடுக்காக மிதக்கும். இதை வெறும் பெயர்ச் சிக்கலாகக் கொள்ள வேண்டாம். 1980களில் கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்ற மிதக்கும் களையைக் கட்டுப்படுத்திய கூன்வண்டு அதை மட்டுமே தின்றது. அதே காலத்தில் பெங்களூரு ஏரிகளில் விடப்பட்ட நியோகெட்டினா கூன்வண்டுக்கு வெங்காயத்தாமரைதான் இரை. அதனால், செடி இன்னதென்று குறிக்காத பணி மதிப்பீட்டில் செலவு மட்டுமே உறுதி.

அமேசான் படுகையிலிருந்து அழகுச் செடியாக வந்த வெங்காயத்தாமரை, சாக்கடை கலந்த நீரில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகக்கூடியது. நீர்ப்பரப்பை மூடியதும் வெளிச்சம் உள்ளே இறங்காது. அழுகும் இலைகள் மிச்ச ஆக்சிஜனையும் தீர்த்துவிட, மீன்கள் சாகும். யானைக்கால் நோயைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழு, இத்தகைய செடிகளின் வேரைத் துளைத்தே மூச்சுவிடுகிறது. மழைக்காலத்தில் செடித்திட்டுகள் மதகை அடைத்தால் ஆயக்கட்டுக்குத் தண்ணீர் இல்லை. கலங்கை அடைத்தால் கரைக்கே ஆபத்து.

பொக்லைன் கொண்டு அள்ளுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. அதோடு நிறுத்திவிடுவதைத்தான் சொல்கிறோம். இதன் விதை சேற்றுக்குள் 15 ஆண்டுகளுக்கு மேலும் முளைப்புத் திறனோடு கிடக்கும். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால், மழையில் அதன் சத்து குளத்துக்கே திரும்பும். செடி கழிவுநீரைச் சுத்தம் செய்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கன உலோகங்களையும் அது உறிஞ்சுவது மெய்தான். ஆனால் வெளியே எடுக்காவிட்டால் அழுகி, உறிஞ்சியதை அங்கேயே விட்டுவிடும். களைக்கொல்லி மலிவானது என்ற யோசனையையும் ஏற்பதற்கில்லை: மொத்தமாக மடிந்த செடி மூழ்கி அழுகினால் மீன்களுக்கு அதே கதிதான். கூன்வண்டு பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆண்டு ஒப்பந்தம் போதாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். கழிவுநீரைச் சுத்திகரிக்கச் செலவு அதிகம் என்றால், முடிவே இல்லாமல் அள்ளும் செலவையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

ஆகவே, குளம் வாரியாகச் செடியை அடையாளம் கண்டு வரைபடம் தயாரிக்கவும், சுத்திகரிக்காத கழிவுநீர் கலக்கும் வாய்களை முதலில் அடைக்கவும் ஆணையிடக் கோருகிறோம். பூக்கும் முன்பே அள்ளி, கரைக்கு அப்பால் கொண்டுபோய், கன உலோகச் சோதனைக்குப் பிறகே உரமாக்க வேண்டும். முளைத்துவரும் நாற்றுகளை அகற்றும் பணியும் கூன்வண்டு விடுவதும் ஐந்தாண்டு ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மதகு, கலங்குப் பகுதிகளையாவது சுத்தம் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்