வேங்கட்டா? அஸ்வினா? - வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டை!

திண்டுக்கல் பக்கம் இப்போது கிரிக்கெட் பேச்சு இல்லாத ஊரே இல்லை. நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானம் வந்த பிறகு, பெரிய ஆட்டக்காரர்களை நம் மாவட்டத்திலேயே நேரில் பார்க்க முடிகிறது. ரஞ்சிக் கோப்பைப் பந்தயம் அங்கே நடந்திருக்கிறது. தமிழ்நாடு பிரிமியர் லீக் பந்தயங்களும் நடக்கின்றன. 2024ஆம் ஆண்டு "திண்டுக்கல் டிராகன்ஸ்" அணி அந்த லீக் கோப்பையை வென்றது. அணித் தலைவர் அஸ்வின். இறுதிப் பந்தயத்தில் 52 ரன் எடுத்தவரும் அவரேதான்.

அன்று முதல் ஆத்தூர் பக்கத்தில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் சண்டை வலுத்துவிட்டது!

"அஸ்வினைப் போல ஒரு சுழல் பந்து வீச்சாளர் தமிழ்நாட்டில் பிறந்ததில்லை" என்கிறான் பேரன்.

"போடா, வேங்கட்ராகவன் வீச்சை நீ கண்டாயா?" என்கிறார் தாத்தா.

பேரன் கைப்பேசியில் கணக்கைத் தட்டிக் காட்டுகிறான். தாத்தாவிடம் கணக்கு இல்லை. ஞாபகம்தான் இருக்கிறது. அதனால் வாக்குவாதத்தில் பேரன் ஜெயித்துவிடுகிறான். இது நியாயமா?

ஒரே அச்சில் வார்த்த இருவர்

முதலில் ஒரு வேடிக்கை. இந்த இருவரையும் போல ஒத்துப் போகிறவர்கள் கிடைப்பது அரிது.

இருவரும் சென்னைக்காரர்கள். இருவரும் நெடிய உருவம் கொண்டவர்கள். இருவரும் "ஆப் ஸ்பின்" வீசியவர்கள். அதாவது, வலக்கை ஆட்டக்காரருக்கு வெளிப்புறம் விழுந்து உள்ளே திரும்பும் பந்து. இருவரும் என்ஜினீயரிங் படித்தவர்கள். வேங்கட் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி மாணவர். அஸ்வின் எஸ்.எஸ்.என். கல்லூரியில் படித்தார். வேங்கட்டுக்கு 2003ஆம் ஆண்டிலும், அஸ்வினுக்கு 2025ஆம் ஆண்டிலும் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

இருவருக்கும் புகழ் கொடுத்த மைதானமும் ஒன்றே. டில்லி! 1965ஆம் ஆண்டு மார்ச் மாதம், நியூசிலாந்துக்கு எதிராக டில்லியில் நடந்த டெஸ்ட் பந்தயத்தில் வேங்கட் 12 விக்கெட் சாய்த்தார். அப்போது அவருக்கு இருபது வயது கூட நிரம்பவில்லை. 2011ஆம் ஆண்டு நவம்பரில் அதே டில்லியில் அஸ்வின் தமது முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடினார். மேற்கிந்தியத் தீவு அணியின் 9 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இனி கணக்கைப் பார்ப்போம்.

வேங்கட் 57 டெஸ்ட் பந்தயங்களில் 156 விக்கெட் எடுத்தார். அஸ்வின் 106 பந்தயங்களில் 537 விக்கெட் எடுத்தார். ஒரு விக்கெட் வீழ்த்த எத்தனை ரன் கொடுத்தார் என்பதைத்தான் "சராசரி" என்கிறார்கள். அது குறைந்தால் நல்லது. வேங்கட்டின் சராசரி 36. அஸ்வினுடையது 24. ஒரே இன்னிங்சில் ஐந்து விக்கெட்டோ அதற்கு மேலோ எடுத்தது வேங்கட் 3 முறை, அஸ்வின் 37 முறை. மட்டையைப் பிடித்தும் அஸ்வின் 6 சதம் அடித்திருக்கிறார்.

அடேயப்பா! மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்!

ஆனால் அவசரப்படக் கூடாது. ஆத்தூர் விவசாயியைக் கேளுங்கள். அப்பா காலத்து ஏக்கர் விளைச்சலையும் மகன் காலத்து விளைச்சலையும் வெறும் மூட்டைக் கணக்கில் வைத்துப் பேசினால் அவர் ஒப்புவாரா? "அன்றைக்கு என்ன விதை, என்ன தண்ணீர், என்ன உரம்?" என்றுதானே முதலில் கேட்பார்? கிரிக்கெட்டிலும் அப்படியே கேட்க வேண்டும்.

நாலு பேர் போட்டி

வேங்கட் ஆடிய காலத்தில் இந்தியாவில் நாலு பெரிய சுழல் பந்து வீச்சாளர்கள் இருந்தார்கள். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வேங்கட். நாலு பேரும் சேர்ந்து ஆடியது ஒரே ஒரு டெஸ்ட் பந்தயத்தில்தான். 1967இல், இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில். மற்ற பந்தயங்களில் யாராவது ஒருவர் வெளியே உட்கார வேண்டும். பிரசன்னாவும் ஆப் ஸ்பின் வீசுகிறவர் என்பதால், உட்கார்ந்தவர் பல முறை வேங்கட்தான். 18 ஆண்டுக் காலத்தில் 57 பந்தயம் ஆடினார் என்றால் இதுவும் ஒரு காரணம். அஸ்வின் 13 ஆண்டில் 106 பந்தயம் ஆடிவிட்டார்.

இன்னொன்று, கால் காப்பு. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் சுழல் பந்துக்கு மட்டையை நீட்டமாட்டார்கள். காலை முன்னே நீட்டிக் காப்பில் வாங்கிக்கொள்வார்கள். அவ்வளவு தூரம் முன்னே வந்தவருக்கு "எல்.பி.டபிள்யூ." கொடுக்க அம்பயர்கள் தயங்குவார்கள். பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்று யாருக்குத் தெரியும்? இப்போது தெரியும். காமிராவும் கம்ப்யூட்டரும் பந்தின் பாதையைத் திரையில் வரைந்து காட்டிவிடுகின்றன. காலை நீட்டித் தப்பித்த காலம் போய்விட்டது. இந்த வசதி வேங்கட்டுக்கு இருந்திருந்தால் இன்னும் எத்தனை விக்கெட் கூடியிருக்கும்!

தாத்தாக்கள் இதைப் படித்துவிட்டு மீசையை முறுக்குவார்கள். கொஞ்சம் பொறுங்கள், ஐயா! கால் காப்பு எல்லோருக்கும்தான் இருந்தது. அதே காலத்தில் பேடி 266 விக்கெட் எடுத்தார். சந்திரசேகர் 242, பிரசன்னா 189. மூவரின் சராசரியும் வேங்கட்டை விட நன்றாகவே இருக்கிறது. நாலு பேரில் டெஸ்ட் கணக்கில் நாலாவது இடம்தான் வேங்கட்டுக்கு. அஸ்வினோ தமது காலத்து இந்தியச் சுழல் பந்து வீச்சாளர்களில் முதல் இடம். அவரவர் காலத்தில் யார் எங்கே நின்றார் என்று பார்த்தாலும், இந்திய அணியைப் பொறுத்தவரை அஸ்வின்தான் பெரியவர். இதை மறைப்பதில் பயனில்லை.

"அஸ்வின் உள்ளூர்ப் புலி. அவர் விக்கெட்டில் 383 இந்திய மண்ணில் எடுத்தது" என்று சிலர் குறை சொல்வார்கள். வெளிநாட்டில் எடுத்த மிச்சம் மட்டுமே 154 வருகிறது. வேங்கட்டின் மொத்தக் கணக்கு 156!

ஆனால் 1971ஆம் ஆண்டை மறக்கக் கூடாது. அந்த ஆண்டுதான் இந்தியா முதல் முறையாக மேற்கிந்தியத் தீவிலும் இங்கிலாந்திலும் தொடரை வென்றது. மேற்கிந்தியத் தீவில் 22 விக்கெட் எடுத்து இந்தியப் பந்து வீச்சாளர்களில் முதலாவதாக நின்றவர் வேங்கட். இங்கிலாந்தில் 13 விக்கெட் எடுத்தார். அந்நிய மண்ணில் ஜெயிக்கலாம் என்ற தைரியத்தை நாட்டுக்குக் கொடுத்த அணியில் அவர் துணைத் தலைவர்.

எந்த அணி?

இதுவரை நாம் பேசியது இந்திய அணியை. சண்டை போடுகிறவர்களோ "தமிழ்நாட்டின் பெரிய பந்து வீச்சாளர் யார்?" என்றுதானே கேட்கிறார்கள்? தமிழ்நாடு அணியை எடுத்துக்கொண்டால் தராசு அப்படியே மறுபக்கம் சாய்கிறது!

ரஞ்சிக் கோப்பையில் வேங்கட் எடுத்தது 530 விக்கெட். பல ஆண்டுகள் அணித் தலைவராகவும் இருந்தார். எல்லா முதல்தரப் பந்தயங்களையும் சேர்த்தால் 1,390 விக்கெட். இந்தியர்களில் பேடி ஒருவர்தான் இதை விட அதிகம் எடுத்தவர். அஸ்வினுக்கு இந்தியாவுக்கு ஆடவே நேரம் சரியாக இருந்தது. ரஞ்சியில் அவர் இறங்கியது குறைவு. அது அவர் குற்றமல்ல. இன்றைய ஏற்பாடு அப்படி.

இதில் ஒரு வருத்தம். இத்தனை வீசியும் வேங்கட் கையில் ரஞ்சிக் கோப்பை வரவில்லை. 1973இல் சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தில் பம்பாய் அணியை 151க்கும் 113க்கும் சுருட்டினார்கள் நம்மவர்கள். அப்படியும் தோல்வி! நம் அணி எடுத்தது 80, பிறகு 61. மூன்றாம் நாள் முதல் பந்தோடு ஆட்டம் முடிந்துவிட்டது. வந்த ஜனங்கள் உட்காருவதற்குள் எழுந்து போனார்கள். அஸ்வினுக்கும் ரஞ்சிக் கோப்பை கிட்டவில்லை. தமிழ்நாட்டுக்கு அது கிடைத்தது 1955லும் 1988லும் மட்டுமே.

அவமானத்திலும் இருவருக்கும் பங்கு உண்டு. 1974இல் டில்லி டெஸ்டில் வேங்கட் இந்திய அணித் தலைவர். அடுத்த டெஸ்டில் பதினொரு பேரிலேயே அவர் இல்லை! 1979இல் இங்கிலாந்தில் அவர் தலைமையில் ஆடிய அணி, ஓவல் மைதானத்தில் 438 ரன் இலக்கைத் துரத்தி 429 வரை வந்தது. ஊர் திரும்பும் விமானத்தில் ஓர் அறிவிப்பு. தலைவர் பதவி வேறொருவருக்குப் போய்விட்டதாம்! அஸ்வின் கதையும் அப்படியே. 2023இல் உலக டெஸ்ட் சாம்பியன் இறுதிப் பந்தயம் நடந்தபோது, உலகத்துப் பந்து வீச்சாளர் வரிசையில் முதல் இடம் அவருக்கு. ஆனால் அவரை ஆட விடவில்லை.

வேங்கட் மனம் உடைந்து மூலையில் உட்காரவில்லை. அம்பயர் கோட்டு மாட்டிக்கொண்டு 73 டெஸ்ட் பந்தயங்களில் நின்றார். உலகமே மெச்சிய அம்பயர் ஆனார். அஸ்வின் 2024 டிசம்பர் 18ஆம் தேதி டெஸ்ட் ஆட்டத்துக்கு விடை கொடுத்தார்.

ஆகவே, பேரன் சொல்வது இந்திய அணிக்குச் சரி. தாத்தா சொல்வது தமிழ்நாடு அணிக்குச் சரி. இருவரும் மறந்துவிட்ட ஒருவர் உண்டு. அவர் ஏ.ஜி. ராம்சிங்.

சென்னையில் வாழ்ந்த சீக்கியர். இடக்கைச் சுழல் பந்து வீசுவார், மட்டையும் பிடிப்பார். அவர் ஒரு டெஸ்ட் பந்தயத்திலும் ஆடியதில்லை. தந்தைக்குக் கிடைக்காத வாய்ப்பு மகன்கள் கிரிபால் சிங்குக்கும் மில்கா சிங்குக்கும் கிடைத்தது. 1955இல் கிரிபால் சிங் தமது முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். ஆனால் கைப்பேசியில் ராம்சிங்கின் டெஸ்ட் கணக்கைத் தேடினால் ஒன்றும் வராது.

1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி. ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னையும் மைசூரும் மோதின. முதல் பந்தை வீசியவர் நம் கோபாலன். மைசூர் அணி 48 ரன்னில் ஒரு முறையும் 59 ரன்னில் ஒரு முறையும் சுருண்டது. சென்னை ஒரே நாளில் ஜெயித்தது. அன்று 35 ரன் மட்டும் கொடுத்து 11 பேரை வெளியே அனுப்பியவர் ராம்சிங்.